பூன் குடும்பம் தெற்கே போன வழி: வம்சாவளி தேடுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

டேனியல் பூன் என்ற பெயரைக் கேள்விப்பட்டவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். கென்டக்கிக் காட்டில் வழி வெட்டிய வேட்டைக்காரர். இந்தப் பக்கத்தில் அவரைவிட அவருடைய அப்பா ஸ்கொயர் பூனைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறோம். 1750-இல் பென்சில்வேனியாவில் இருந்த வீட்டையும் நிலத்தையும் விற்றுவிட்டு, பெண்டாட்டி பிள்ளைகளோடு தெற்கே வண்டி கட்டியவர் அவர். பழைய அமெரிக்கக் குடும்பங்களின் வேரைத் தேடுகிறவர்கள் இடறி விழுகிற எல்லாக் குழியும் இந்த ஒரு குடும்பத்தின் கதையிலேயே இருக்கிறது. அதனால் இதையே உதாரணமாக எடுத்துக்கொண்டேன்.

பூன் குடும்பம் அமெரிக்காவுக்கு எங்கிருந்து வந்தது?

இங்கிலாந்தின் தென்மேற்கே டெவன் வட்டாரத்தில் பிராட்னிஞ்ச் என்ற சிற்றூர். அங்கே ஜார்ஜ் பூன் என்ற நெசவாளி இருந்தார். மனைவி மேரி மாக்ரிட்ஜ். இருவரும் குவேக்கர்கள். பாதிரி இல்லாமல், சத்தியப் பிரமாணம் செய்யாமல், ஆயுதம் எடுக்காமல் வாழ முயன்ற கிறிஸ்தவப் பிரிவு அது. பென்சில்வேனியா அவர்களுக்கென்றே திறந்துவிட்ட காலனி மாதிரி.

ஜார்ஜ் அவசரப்படவில்லை. 1713 வாக்கில் ஜார்ஜ், சாரா, ஸ்கொயர் என்ற மூன்று பிள்ளைகளை முன்னால் அனுப்பி ஊர் எப்படி என்று பார்த்துவரச் செய்தார். நல்ல சேதி வந்தபிறகு 1717 ஆகஸ்டில் மீதிக் குடும்பம் கிளம்பி, இலையுதிர் காலத்தில் பிலடெல்பியாவில் இறங்கியது. கடைசியில் ஓலி என்ற இடத்தில் 400 ஏக்கர் எடுத்துத் தங்கினார்கள். இன்றைக்கு அது பெர்க்ஸ் கவுண்டியின் எக்ஸிடர் பகுதி. கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி.

ஜார்ஜ் 1744-இல் இறந்தபோது 8 பிள்ளைகள், 52 பேரப்பிள்ளைகள், 10 கொள்ளுப்பேரர்கள், ஆக 70 பேர். எகிப்துக்குப் போன யாக்கோபின் குடும்பத்திலும் அத்தனை பேர்தானாம். இந்தக் கணக்கை எழுதிவைத்தவர் பேரன் ஜேம்ஸ் பூன். அவர் 1788-இல் எழுதிய வம்சாவளிக் குறிப்பு இல்லையென்றால் நாம் பாதி ஊகத்தில்தான் நின்றிருப்போம். ஒவ்வொரு குடும்பத்திலும் இப்படி ஒருவர் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

ஸ்கொயர் என்பது பட்டமா, பெயரா?

பெயர்தான். ஆங்கிலத்தில் ஊர்ப் பெரியவரையும் உள்ளூர் நீதிபதியையும் அந்தச் சொல்லால் அழைப்பது உண்டு என்பதால் வந்த குழப்பம். இவர் வட கரோலினாவில் நிஜமாகவே நீதிபதியாகவும் ஆகிவிட்டதால் குழப்பம் இரட்டிப்பு. போதாததற்கு 1744-இல் பிறந்த மகனுக்கும் ஸ்கொயர் என்றே பெயர் வைத்தார். 1765-க்குப் பிறகு எந்தப் பத்திரத்திலாவது ஸ்கொயர் பூன் வந்தால் அது மகன். அப்பா அந்த ஆண்டு ஜனவரியிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

பழைய பதிவுகளில் பெரியவர், சின்னவர் என்று போட்டிருந்தால் அப்பா மகன் என்று உடனே முடிவு கட்டாதீர்கள். ஒரே ஊரில் ஒரே பெயரில் சித்தப்பாவும் அண்ணன் மகனும் இருந்தாலும், உறவே இல்லாத இருவர் இருந்தாலும்கூட, எழுத்தர் அப்படித்தான் பிரித்து எழுதுவார்.

ஏன் கிளம்பினார்கள்? சபை விலக்கிவைத்ததாலா?

அதுவும் ஒரு காரணம். மூத்த மகள் சாரா 1742-இல் குவேக்கர் அல்லாத ஒருவரைக் கட்டிக்கொண்டார். சபை விசாரித்தது; ஸ்கொயர் தப்புதான் என்று ஒத்துக்கொண்டார். அப்புறம் மகன் இஸ்ரேலும் வெளியே பெண் எடுத்தார். இந்த முறை ஸ்கொயர் மன்னிப்புக் கேட்க மறுத்துவிட்டார். 1748-இல் சபை அவரை விலக்கியது. மனைவி சாரா மோர்கன் சபையிலேயே தொடர்ந்தார். வெல்ஷ் குவேக்கர் குடும்பத்துப் பெண் அவர்.

ஆனால் சபைச் சண்டையை மட்டும் வைத்துக் கதை சொன்னால் நாடகமாகத்தான் இருக்கும். ஸ்கொயருக்குப் பிள்ளைகள் 11 பேர். எக்ஸிடரில் இருந்த நிலம் 250 ஏக்கர். பென்சில்வேனியாவில் 1732 முதல் 100 ஏக்கருக்கு 15 பவுண்டு 10 ஷில்லிங் விலை. அதற்குமேல் ஏக்கருக்கு அரை பென்னி ஆண்டுத் தீர்வை. வளர்ந்த பிள்ளைகளுக்குப் பக்கத்திலேயே நிலம் வாங்கிக் கொடுக்க ஒரு நெசவாளியால் முடியுமா? தெற்கே அதே காசுக்குப் பல மடங்கு நிலம் கிடைத்தது. என்னைக் கேட்டால் முதல் காரணம் இதுதான். சபை விலக்கியது, கிளம்புகிறவரைத் தடுத்திருக்கக்கூடிய கடைசிக் கயிற்றை அறுத்துவிட்டது, அவ்வளவே.

மேற்கே போகாமல் ஏன் தெற்கே போனார்கள்?

மலை. அப்பலாச்சியன் மலைத்தொடர் வடகிழக்கிலிருந்து தென்மேற்காக, வரிசை வரிசையாக ஓடுகிறது. பாரவண்டியோடு குறுக்கே ஏற முடியாது. மலைகளுக்கு நடுவே ஓடும் ஷெனாண்டோவா பள்ளத்தாக்கோ பாய் விரித்த மாதிரி. ஆகவே பிலடெல்பியாவில் புறப்பட்டு, லங்காஸ்டர், யார்க் வழியாகப் போடோமாக் ஆற்றைக் கடந்து, வின்செஸ்டர், ஸ்டான்டன் என்று பள்ளத்தாக்கோடு இறங்கி, வட கரோலினாவின் யாட்கின் ஆற்றங்கரைக்கு வந்தார்கள். நானூறு மைலுக்கு மேல். இதற்குப் பெரிய வண்டிப்பாதை என்று பெயர். ஜெர்மானியர்களும் அயர்லாந்திலிருந்து வந்த ஸ்காட்லாந்துக்காரர்களும் குவேக்கர்களும் மொரேவியர்கள் என்ற இன்னொரு கிறிஸ்தவப் பிரிவினரும் எல்லாம் இந்த ஒரே வழியில்தான் வந்தார்கள்.

இது தேடுகிறவருக்கு ரொம்ப முக்கியம். 1770-இல் யாட்கின் கரையில் ஒரு குடும்பம் இருக்கிறதென்றால், சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் அவர்களுடைய கப்பலைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள். பாதையோடு வடக்கே திரும்பி நடங்கள். வின்செஸ்டர் பக்கத்துக் கோர்ட்டிலோ லங்காஸ்டர் வரிப் பட்டியலிலோ அதே பெயர் சிக்கும்.

பூன் குடும்பமும் ஒரே மூச்சில் வந்துவிடவில்லை. 1750 மே மாதம் கிளம்பினார்கள். வழியில் வர்ஜீனியாவின் லின்வில் ஓடைக் கரையில் சில காலம் தங்கினார்கள். யாட்கின் வந்து சேர்ந்தது 1751 அல்லது 1752. இப்படி நடுவழியில் தங்கிய காலத்தில் பிறந்த பிள்ளையைத்தான் பல குடும்பங்களில் எந்த மாநிலத்தில் தேடுவது என்று தெரியாமல் தவிக்கிறார்கள்.

நிலப் பத்திரத்தில் வம்சாவளிக்கு என்ன கிடைக்கும்?

நான் முதலில் திறப்பது நிலப் பத்திரத்தைத்தான். அந்தக் காலத்து வட கரோலினாவின் வடபாதி கிரான்வில் பிரபுவின் சொத்து. நிலம் வேண்டுமென்றால் அவருடைய ஆட்களிடம்தான் போகவேண்டும். முதலில் மனு, அப்புறம் சர்வே, அப்புறம் பட்டா. ஸ்கொயர் பூன் 1753-இல் இப்படி இரண்டு பட்டா வாங்கினார், தலா 640 ஏக்கர். 250 ஏக்கர்காரர் 1,280 ஏக்கர்காரர் ஆகிவிட்டார். தீர்வை 100 ஏக்கருக்கு 3 ஷில்லிங், அதாவது ஒரு பட்டாவுக்கு ஆண்டுக்குச் சுமார் 19 ஷில்லிங்.

640 ஏக்கர் என்பது ஒரு சதுர மைல். சர்வேயரின் சங்கிலி 66 அடி. பக்கத்துக்கு 80 சங்கிலி வைத்துச் சதுரம் போட்டால் 6,400 சதுரச் சங்கிலி. பத்துச் சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். கணக்கு சரியாக வருகிறதா? நிஜப் பத்திரத்தில் இவ்வளவு அழகான சதுரம் அடிக்கடி வராது. "ஓடைக்கரை வெள்ளை ஓக் மரத்தில் தொடங்கி, வடக்கே இத்தனை சங்கிலி போய் ஒரு ஹிக்கரி மரம், அங்கிருந்து கிழக்கே இன்னாருடைய எல்லையோடு" என்ற ரீதியில் போகும். மரம் எப்போதோ விழுந்திருக்கும். அந்த 'இன்னார்'தான் நமக்கு வேண்டியவர்.

ஏனென்றால் எல்லைக்காரர் பெரும்பாலும் சொந்தக்காரர், இல்லையென்றால் நாளைக்குச் சம்பந்தி ஆகப்போகிறவர். அதேபோல் பத்திரத்தின் அடியில் சங்கிலி பிடித்த இருவர் பெயர் இருக்கும். கூலிக்கு வந்தவர்கள் என்று தாண்டிப் போய்விடுவோம். நிலம் வாங்குகிறவரின் மகனோ மச்சானோதான் பல நேரம் சங்கிலி பிடித்திருப்பார். ஒரு பிள்ளை வாலிபனாகிவிட்டான் என்பதற்கு வேறு எந்தச் சான்றும் இல்லாத இடத்தில் இந்த ஒரு வரி போதும்.

அடுத்து, விற்கும்போது யார் கையெழுத்துப் போட்டார்கள் என்று பாருங்கள். பேர் க்ரீக் (Bear Creek) என்ற ஓடைக்கரையில் ஸ்கொயருக்கு இருந்த நிலத்தை 1759-இல் டேனியல் வாங்கினார். 1764-இல் ஏரன் வான் கிளீவ் என்பவருக்கு விற்றார். அடுத்த ஆண்டு வான் கிளீவ் குடும்பத்து ஜேனைத் தம்பி ஸ்கொயர் கட்டிக்கொண்டார். நிலம் போன வீட்டிலிருந்து பெண் வந்திருக்கிறது.

எங்கள் குடும்பத்துக்கு 1763 முதல் 1778 வரை ஒரு பட்டாவும் கிடைக்கவில்லை. அவர்கள் அங்கே இல்லை என்று அர்த்தமா?

இல்லை. கிரான்வில் பிரபு 1763-இல் இறந்தார். நிலம் கொடுக்கும் அலுவலகமும் மூடிவிட்டது. அமெரிக்க விடுதலைப் புரட்சி தொடங்கியபின் மாநிலம் தன் சொந்த அலுவலகத்தைத் திறக்கும்வரை அந்த வடபாதியில் புதுப் பட்டா வாங்கவே வழியில்லை. ஆட்கள் வராமல் இல்லை. வந்து, காட்டை வெட்டி, வீடு கட்டி, பத்திரம் இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். அந்த 15 வருஷத்துக்கு வரிப் பட்டியலையும், ரோடு போட ஆள் நியமித்த கோர்ட் உத்தரவுகளையும், ஜூரிப் பட்டியலையும் பாருங்கள். 1778-இல் ஒருவர் பட்டா வாங்கினால் அன்றுதான் ஊருக்குள் வந்தார் என்று எழுதிவிடாதீர்கள். வம்சாவளிகளில் நான் அதிகம் பார்க்கும் தப்பு இதுதான்.

ஒரே பண்ணை வீடு, நாலு கவுண்டிப் பெயர். எதை எழுதுவது?

அன்றைக்கு எந்தக் கவுண்டியோ அதை. 1750-இல் பிளேடன் கவுண்டியிலிருந்து ஆன்சன் பிரிந்தது, 1753-இல் ஆன்சனிலிருந்து ரோவன், 1771-இல் ரோவனிலிருந்து சர்ரி, 1788-இல் ஐரடெல், 1836-இல் டேவி. ஸ்கொயர் பூனின் நிலம் இன்றைய டேவி கவுண்டியில், மாக்ஸ்வில் பக்கம். ஆனால் அவருடைய காகிதங்களை டேவி கோர்ட்டில் தேடினால் ஒன்றும் கிடைக்காது, சாலிஸ்பரியில் ரோவன் பதிவுகளில்தான் பார்க்கவேண்டும். கவுண்டி பிரியும்போது பழைய புத்தகம் தாய் வீட்டிலேயே தங்கிவிடும்.

டேனியல் பூனுக்கு ஏன் இத்தனை பிறந்தநாள்?

1734 அக்டோபர் 22 என்று ஓரிடத்தில் இருக்கும், நவம்பர் 2 என்று இன்னோரிடத்தில். இரண்டும் ஒரே நாள். பிரிட்டனும் அதன் காலனிகளும் 1752-இல் நாட்காட்டியை மாற்றின; அந்த ஆண்டு செப்டம்பர் 2-க்கு அடுத்த நாள் செப்டம்பர் 14. நடுவில் 11 நாள் காணாமல் போயிற்று. அக்டோபர் 22-உடன் 11-ஐக் கூட்டுங்கள், நவம்பர் 2. டேனியல் கடைசிவரை அக்டோபர் தேதியையே தன் பிறந்தநாளாக வைத்துக்கொண்டார்.

இதில் இன்னொரு பொறியும் உண்டு. குவேக்கர்கள் மாதங்களின் பெயரைச் சொல்லமாட்டார்கள், ஏனென்றால் அவற்றில் பல ரோமானியத் தெய்வங்களின் பெயர்கள். முதல் மாதம், இரண்டாம் மாதம் என்று எண்ணால்தான் எழுதுவார்கள். எட்டாம் மாதம் 22 என்று இருந்தால் கை தானாக ஆகஸ்ட் என்று எழுதிவிடும். நானும் வேறொரு குடும்பத்துக்கு அப்படி எழுதி, அண்ணனுக்கும் தம்பிக்கும் நடுவே ஏழு மாதம்தான் வருகிறதே என்று ஒரு நாள் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டேன். 1752-க்கு முன்பு முதல் மாதம் என்பது மார்ச். ஆகவே எட்டாவது அக்டோபர். ஆண்டும் மார்ச் 25-இல்தான் பிறக்கும் என்பதால், ஜனவரி, பிப்ரவரித் தேதிகளுக்கு 1733/34 என்று இரண்டு வருஷம் போட்டிருப்பார்கள். இரண்டையும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். நீங்களாக ஒன்றை வெட்டாதீர்கள்.

கல்லறைக் கல்லில் ஸ்கொயருக்கு வயது 69. கணக்குப் போட்டால் 68 வருகிறதே?

கல் சரி. மாக்ஸ்வில்லில் ஜோப்பா கல்லறைத் தோட்டத்தில் ஸ்கொயருக்கும் சாராவுக்கும் கற்கள் இருக்கின்றன. ஸ்கொயரின் கல் சொல்வது, தம் வயதின் அறுபத்தொன்பதாவது ஆண்டில் இறந்தார் என்று. 1696 நவம்பரில் பிறந்து 1765 ஜனவரி 2-இல் இறந்தவருக்கு 68 முடிந்து 69 நடப்பு. நம் பாட்டிகள் வயது சொல்வதுபோல. இதைக் கவனிக்காமல் 69 முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டால் பிறந்த ஆண்டு 1695 என்று ஒன்று தள்ளிப்போகும்.

கல்லின் எழுத்தையும் ஒரு நிமிடம் பாருங்கள். ஜனவரி என்ற சொல்லையே காதில் விழுந்த மாதிரி, வாய்க்கு வந்தபடி வெட்டியிருக்கிறார்கள். எல்லைப்புறத்தில் எழுத்துக்கூட்டல் அப்படித்தான். பெயரும் அப்படித்தான்: ஒரே ஆளின் பெயர் கடைசியில் ஓர் எழுத்தோடும் இல்லாமலும், இவர்களுக்குச் சம்பந்தியான பிரையன் குடும்பத்துப் பெயர் இரண்டு மூன்று விதமாகவும் வரும். என் குடும்பத்துக்காரர் பெயரில் அந்த எழுத்து கிடையாது என்று யாராவது அடித்துச் சொன்னால் நான் பேச்சை மாற்றிவிடுவேன்.

பிரையன் குடும்பம் ஏன் எங்கே பார்த்தாலும் வருகிறது?

எல்லைப்புறத்தில் தனி ஆள் கிளம்புவதில்லை, கூட்டம்தான் கிளம்பும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை. மோர்கன் பிரையனும் பென்சில்வேனியாவில் இருந்து வர்ஜீனியா வழியாக வந்தவர்தான். பூன் குடும்பத்துக்கு முன்பே, 1748 வாக்கில், யாட்கின் கரைக்கு வந்துவிட்டார். அப்புறம் இரண்டு வீட்டுக்கும் இடையே கொடுக்கல் வாங்கல் ஆரம்பித்தது.

ஸ்கொயரின் மகள் மேரியை மோர்கனின் மகன் வில்லியம் கட்டினார். மோர்கனின் இன்னொரு மகன் ஜோசப்புக்கு ரெபெக்கா, மார்த்தா என்று மகள்கள். 1756 ஆகஸ்ட் 14 அன்று டேனியல் ரெபெக்காவைக் கட்டினார். நடத்திவைத்த நீதிபதி அப்பா ஸ்கொயரேதான். கொஞ்ச நாளில் தம்பி எட்வர்ட் மார்த்தாவைக் கட்டினார்.

இதை ஆங்கிலத்தில் சொல்ல அரைப் பக்கம் ஆகும். தமிழில் முறை வைத்துப் பாருங்கள். டேனியலுக்கு வில்லியம் தங்கை புருஷன். அதே ஆள் பெண்டாட்டியின் சித்தப்பா, அதாவது சின்ன மாமனார். டேனியலும் எட்வர்டும் அண்ணன் தம்பி, கூடவே சகலைகள். மாமன் மகனையும் பெரியப்பா மகனையும் 'கசின்' என்று ஒரே கூடையில் போடுகிற மொழியில் உயில் எழுதியிருக்கிறார்கள் என்பதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். அன்றைய ஆங்கிலத்தில் 'கசின்' என்றால் அண்ணன் மகனாகவும் இருக்கலாம். 'மாமியார்' என்ற சொல் சில நேரம் மாற்றாந்தாயைக் குறிக்கும். நான் ஆங்கிலக் கட்டத்தை நிரப்புவதற்கு முன்னால் ஒரு தாளில் தமிழ் முறையில் எழுதிப் பார்ப்பேன். எந்த உறவு ஊர்ஜிதமாகவில்லை என்பது உடனே தெரிந்துவிடும், ஏனென்றால் எந்த வழி என்று தெரியாமல் தமிழில் முறை சொல்லவே வராது.

இந்தக் கூட்டம் அப்படியே கென்டக்கிக்கும் போனது. இன்றைய லெக்சிங்டன் பக்கத்தில் பிரையன் சகோதரர்கள் அமைத்த குடியிருப்புக்குப் பிரையன் ஸ்டேஷன் என்றே பெயர். மேரியின் கணவர் வில்லியம் 1780-இல் அங்கேதான் கொல்லப்பட்டார். அதே ஆண்டு எட்வர்டும் ஷானி என்ற பழங்குடி மக்களின் தாக்குதலில் இறந்தார். இரண்டு வீட்டிலும் ஒரே வருஷத்தில் தாலி அறுந்த கதை.

ஆக, உங்கள் ஆளைப் பற்றி ஒரு துண்டுக் காகிதமும் கிடைக்கவில்லையா? அவருடைய மச்சானைத் தேடுங்கள்.

பெயரை வைத்து உறவைக் கண்டுபிடிக்கலாமா?

தடயமாக வைத்துக்கொள்ளலாம், சான்றாக அல்ல. பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்தது; தாத்தா பெயரை வைப்பது அங்கேயும் வழக்கம். ஜார்ஜ், ஸ்கொயர், இஸ்ரேல், சாரா என்று சுற்றிச் சுற்றி வரும். இன்னும் ருசியானது நடுப்பெயர். டேனியலின் ஒரு மகன் டேனியல் மோர்கன் பூன். மோர்கன் என்பது அப்பாயி வீட்டுக் குடும்பப் பெயர். இன்னொருவர் ஜெஸ்ஸி பிரையன் பூன். பிரையன் அம்மா வீடு. பெண்களின் பிறந்த வீட்டுப் பெயர் கல்யாணத்தோடு பதிவுகளிலிருந்து மறைந்துவிடுகிற நாட்டில், அது பேரப்பிள்ளை பெயருக்குள் ஒளிந்திருக்கும்.

ஆபிரகாம் லிங்கனும் டேனியல் பூனும் சொந்தமா?

ரத்த சொந்தம் இல்லை, கல்யாணச் சொந்தம். எக்ஸிடரில் பக்கத்து வீட்டுக்காரர் மோர்டெகாய் லிங்கன். அவருடைய மகன் ஆபிரகாம் 1760-இல் ஆன் பூனைக் கட்டினார். ஆன், டேனியலுக்குச் சித்தப்பா மகள். மாப்பிள்ளை குவேக்கர் இல்லை என்று சபை ஆனையும் கண்டித்தது. ஸ்கொயர் வீட்டில் நடந்த அதே கதை.

இந்த ஆபிரகாம் ஜனாதிபதி அல்ல. இவருக்கு வேறு தாய் வயிற்று அண்ணன் ஒருவர், ஜான். அந்த ஜான்தான் ஜனாதிபதியின் கொள்ளுத்தாத்தா. அவர் 1768-இல் வர்ஜீனியாவுக்குப் போய்க் குடியேறிய இடம் எது தெரியுமா? லின்வில் ஓடை. பதினெட்டு வருஷத்துக்கு முன் பூன் குடும்பம் வண்டியை நிறுத்திய அதே ஓடை. ஜானின் மகன் இன்னொரு ஆபிரகாம். கென்டக்கிக்குப் போய் 1786-இல் கொல்லப்பட்டார். அவர் மகன் தாமஸ், தாமஸின் மகன்தான் நமக்குத் தெரிந்த லிங்கன்.

சென்சஸில் தேடினால் போதாதா?

போதாது. முதல் சென்சஸ் 1790-இல்தான். அதிலும் குடும்பத் தலைவர் பெயர் மட்டும். மற்றவர்கள் வெறும் எண்ணிக்கை. வர்ஜீனியா, கென்டக்கிப் பகுதிகளுக்கான 1790 தாள்கள் தொலைந்தே போயின. வரிப் பட்டியலை வைத்து ஒப்பேற்றுகிறார்கள். வீட்டிலுள்ள சுதந்திர மக்கள் எல்லாரையும் பெயரோடு எழுதியது 1850-இல். டேனியலின் பத்துப் பிள்ளைகளில் அதுவரை உயிரோடிருந்தவர் கடைக்குட்டி நேதன் ஒருவர்தான்.

இந்த இடைவெளிக்கு உதவுவது இரண்டு. ஒன்று, 1832 சட்டப்படி புரட்சிப் போர் வீரர்கள் பென்ஷனுக்குக் கொடுத்த வாக்குமூலம்: எங்கே பிறந்தேன், எங்கிருந்து எங்கே போனேன் என்று கிழவர்கள் சொல்லச் சொல்ல எழுதியிருப்பார்கள். இன்னொன்று, கென்டக்கி நில வழக்குகள். ஒரே நிலத்துக்கு நாலு பேர் பட்டா வைத்திருந்ததால் கோர்ட்டில் ஓயாத சண்டை. சாட்சி சொன்னவரின் வயது, எந்த ஆண்டு யாரோடு அந்த ஓடைக்கு வந்தார் என்பதெல்லாம் அதில் கிடைக்கும். நிலம் போனவர்களுக்கு வயிற்றெரிச்சல், நமக்குப் புதையல். டேனியலே பல வழக்குகளில் சாட்சி சொன்னவர். தன் நிலத்தையும் இப்படி இழந்தவர்.

ஜெமைமா டேனியலின் மகளே இல்லை என்கிறார்களே?

டேனியல் வெகுநாள் வேட்டைக்குப் போயிருந்தபோது பிறந்தவர், தம்பி ஒருவருக்குப் பிறந்தவர் என்று ஒரு கதை. சொல்கிறவர் மாறினால் தம்பியின் பெயரும் மாறுகிறது. அந்தக் காலத்துக் காகிதம் எதுவும் இதைச் சொல்லவில்லை. என் கட்டத்தில் ஜெமைமா டேனியலின் மகள்தான். 1776-இல் கென்டக்கியின் பூன்ஸ்பரோவில் அவரைக் கடத்திப் போனபோது துரத்திப்போய் மீட்டவரும் டேனியல்தான்.

பூன் குடும்பம் நார்மன் பிரபு வம்சமாமே?

ஸ்கொயரின் தாத்தா கொல்லர், அப்பா நெசவாளி. அதற்குமேல் கேடயச் சின்னம் விற்கிறவர்கள் கிளப்பிவிட்டது. காசை மிச்சம் பிடியுங்கள்.

இந்தக் குடும்ப மரத்தில் கறுப்பின மக்களும் பழங்குடியினரும் எங்கே?

அதே பத்திரங்களுக்குள்தான் இருக்கிறார்கள், வேறு விதமாக. உயிலில் குதிரைக்கும் இரும்புச் சட்டிக்கும் நடுவே ஒற்றைப் பெயராக. 1787 கென்டக்கி வரிப் பதிவின்படி டேனியல் ஏழு பேரை அடிமைகளாக வைத்திருந்தார். குவேக்கர் வீட்டில் பிறந்தவர்தானே என்று கேட்கத் தோன்றும்.

1773 அக்டோபர் 10 அன்று, கென்டக்கிக்குப் போகிற வழியில், டேனியலின் மூத்த மகன் ஜேம்ஸ் பதினாறு வயதில் சித்திரவதை செய்து கொல்லப்பட்டான். அது எப்படி நடந்தது என்று நமக்குத் தெரிவதற்குக் காரணம் ஆடம் என்ற அடிமை. ஆற்றோரம் ஒதுங்கிய மரக்குவியலுக்குள் ஒளிந்து எல்லாவற்றையும் பார்த்திருந்தார். ஜேம்ஸ் பிறந்த ஆண்டு, தம்பி தங்கைகள் பெயர் எல்லாம் நமக்குத் தெரியும். ஆடமுக்கு ஒரு குடும்பப் பெயர்கூடப் பதிவில் இல்லை. அடிமைகளாயிருந்தவர்களின் வம்சத்தார் 1870 சென்சஸுக்கு முன்னால் போகவேண்டுமென்றால் எஜமானர் வீட்டு உயில், சொத்துப் பிரிவினை, விற்பனைப் பத்திரம் இவற்றை நோண்டித்தான் ஆகவேண்டும். ஆகவே உங்கள் மூதாதையின் உயிலில் இப்படிப் பெயர்கள் வந்தால் அவற்றையும் ஒன்று விடாமல் எழுதி வெளியிடுங்கள். யாரோ ஒருவர் அந்தப் பெயரைத் தேடிக்கொண்டிருப்பார்.

குடியேறியவர்கள் போய் உட்கார்ந்தது காலி நிலத்திலும் அல்ல. கட்டாபா, செரோக்கி, ஷானி மக்களின் வேட்டைக்காடும் வழித்தடமும் அது. 1759-60 செரோக்கிப் போரின்போது யாட்கின் கரையிலிருந்து டேனியல் குடும்பம் வர்ஜீனியாவின் கல்பெப்பர் பக்கம் ஓடிப்போய், 1762 வாக்கில்தான் திரும்பியது. இடையில் பதிவுகளில் ஆளே இல்லை என்றால் இறந்துவிட்டதாக நினைக்கவேண்டாம். வடக்கே எங்காவது ஒதுங்கியிருப்பார்கள்.

குடும்பத்தார் வாயால் சொன்னது ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. லைமன் டிராப்பர் என்ற சேகரிப்பாளர் 1851-இல் மிசௌரிக்குப் போய் நேதனையும் அவர் மனைவி ஆலிவையும் உட்காரவைத்து நாள்கணக்கில் கேள்வி கேட்டார். அந்தக் கையெழுத்துப் பிரதிகள் விஸ்கான்சின் வரலாற்றுச் சங்கத்தில் இருக்கின்றன. டிராப்பர் பூனைப் பற்றிப் புத்தகம் எழுத உட்கார்ந்து, முடிக்காமலே போய்விட்டார். நேதன் பிறந்தது 1781-இல், ஆகவே யாட்கின் காலத்தைப் பற்றி அவர் சொல்வதெல்லாம் கேள்வி ஞானம்தான். மிசௌரி நாட்களுக்கு அவரைவிட நல்ல சாட்சி கிடையாது.

கடைசியில், டேனியலின் கல்லறை எங்கே இருக்கிறது?

இரண்டு இடத்தில். 1799-இல் அவர் மிசௌரிக்குப் போனார். அப்போது அது ஸ்பானியர் கையில். ரெபெக்கா 1813-இல் இறந்தார், டேனியல் 1820 செப்டம்பர் 26-இல். இருவரையும் அங்கேயே பக்கத்தில் பக்கத்தில் புதைத்தார்கள். 1845-இல் கென்டக்கிக்காரர்கள் வந்து தோண்டி, எலும்புகளைத் தங்கள் தலைநகர் ஃபிராங்ஃபர்ட்டுக்குக் கொண்டுபோய்ப் பெரிய ஊர்வலத்தோடு அடக்கம் செய்தார்கள். தப்பான குழியைத் தோண்டிவிட்டார்கள், டேனியல் இன்னும் எங்களிடம்தான் இருக்கிறார் என்பது மிசௌரிக்காரர்களின் கட்சி. இரண்டு ஊரிலும் கல் நிற்கிறது. குடும்ப மரத்தில் அடக்கம் செய்த இடம் என்று ஒரே ஒரு கட்டம்தான் இருக்கும். நான் அதில் மிசௌரி என்று எழுதி, 1845 கதையைக் குறிப்பில் போட்டிருக்கிறேன்.